ஏழு குடைகள்

அப்பாவுக்கு ராயப்பேட்டையில் ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது. கல்லாவுக்கு மேலே உத்திரத்தில் ஒரு நூல்கண்டு தொங்கும். அதன் முனை அப்பாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். துவரம்பருப்போ சர்க்கரையோ தராசுத் தட்டிலிருந்து காகிதத்துக்கு மாறி, நாலு மடிப்பு மடிந்து, நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, பட்டென்று அறுபட்டு வாடிக்கையாளர் பைக்குள் போய்விடும். எல்லாம் எடைக்கு வாங்கிய பழைய பேப்பர். வாரப் பத்திரிகை, கணக்கு நோட்டு, பரீட்சைத் தாள், என்றோ நடந்து முடிந்த ஏதோ ஒரு மாநாட்டின் துண்டறிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தப் பேப்பர் கட்டின்மேல்தான் நான் உட்காருவேன்.

நான் படிக்கப் பழகியது அங்கேதான். தலையும் வாலும் இல்லாத கதைகளாகத்தான் கிடைக்கும். நாயகி கிணற்றடியில் கடிதத்தைப் பிரிப்பாள், 'தொடரும்' என்று போட்டிருக்கும். அடுத்த வாரத்துப் பக்கம் யார் வீட்டுப் புளியைச் சுமந்துகொண்டு போயிற்றோ தெரியாது. அந்தக் கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று ராத்திரி பாயில் படுத்து நானே எழுதிப் பார்ப்பேன். அப்பா ஒரு நாளும் திட்டியதில்லை. கையை நீட்டிக்கொண்டு, "படிச்சிட்டியா? குடு, அரைக் கிலோ உளுந்துக்கு ஆள் நிக்குது" என்பார். கடைசிப் பத்தியில் இருக்கிறேன் என்று தெரிந்தால் வந்தவரிடம் ஏதாவது ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார். எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த நேரம் அது.

அதனால் பொட்டலத்தைப் பிரித்தால் காகிதத்தைப் படிக்காமல் போட எனக்கு வராது. கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்த புதிதில், பஜ்ஜி ஆறிப்போவது தெரியாமல் எண்ணெய் ஊறிய காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "பசிக்கு வாங்கினியா, படிக்க வாங்கினியா?" என்று கேட்டார்.

2023-ஆம் வருஷம் நடுவில் எப்போதோ அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போனது. போனது எனக்கே தெரியவில்லை.

மனச்சோர்வு என்றால் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. காலையில் பல் துலக்குவது மலையேறுவதுபோல இருந்தது. விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். முதல் பறக்கும் ரயிலின் சத்தம் கேட்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஆபீசில் கணக்கு வேலை. எண்களைத் தப்பில்லாமல் போட்டுவிடுவேன், ஆனால் பக்கத்து மேசைக்காரி சொல்லும் வாக்கியம் பாதியிலேயே நழுவிப் போகும். புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியைப் படித்து, இரண்டாவது வரிக்கு வருவதற்குள் முதல் வரி அழிந்திருக்கும். திரும்ப மேலே போவேன். அப்படி ஒரே பக்கத்தில் ஒரு வாரம் இருந்தேன். பிறகு திறப்பதையே விட்டுவிட்டேன். வேலை அதிகம், கண்ணாடி மாற்ற வேண்டும், போன் அதிகம் பார்க்கிறேன் என்று எனக்கே காரணங்கள் சொல்லிக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதி ராத்திரி முழுக்க மழை. நாங்கள் தரைத்தளம். 4-ஆம் தேதி காலை முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கூடத்தில் தண்ணீர் நின்றது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் சனங்கள் பட்டதற்கு முன்னால் எங்களுடையது ஒன்றுமில்லை. ஆனால் புத்தக அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் முழுகிவிட்டன.

தண்ணீர் வடிந்து வெயில் வந்ததும் என் கணவர் நனைந்த புத்தகங்களை மொட்டை மாடிக்குச் சுமந்துகொண்டு போனார். அவர் படிக்கிறவர் இல்லை. தினசரியின் விளையாட்டுப் பக்கத்தோடு சரி. ஆனாலும் ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டை நுழைத்து, நடுநடுவே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதப் பாரு, நீ பென்சில்ல கோடு போட்டு வச்ச புக்கு. காலேஜ்ல வாங்கினதுன்னு சொல்லுவியே" என்றார்.

"பழைய பேப்பர்காரர் வந்தா போட்டுடுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் புத்தகத்தை வெயிலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு டாக்டரைப் பாக்குறோம்" என்றார். ஏழெட்டு மாதமாக நான் சாப்பிடாதது, தூங்காதது, சிரிக்காதது எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த ஒரு பதில்தான் அவரைப் பயமுறுத்தியது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது முதலில் கேட்டது, "கீழ்ப்பாக்கமா?" என்றுதான். குரல் இறங்கிவிட்டது. சென்னையில் வளர்ந்த எல்லாருக்கும் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவாகத்தான் காதில் விழுந்திருக்கிறது. பள்ளியில் சண்டையென்றால் "கீழ்ப்பாக்கம் கேசு" என்போம். சினிமா நகைச்சுவைக்காரர்களும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது, இப்போதிருக்கும் இடத்தில் 1871 முதல் இருக்கிறது. வேறு யாரும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றவர்களை இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக ஏற்றுக்கொண்ட ஓர் இடத்தின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். நான் போனது வேறொரு மருத்துவமனைக்கு. ஆனால் மாதக்கணக்கில் போகாமல் இருந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

டாக்டர் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். இவற்றில் குறைபாடு இருந்தாலும் இதே சோர்வு வருமாம். பிறகு ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27. முதல் கேள்வியே, செய்கிற காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது. கடகடவென்று போட்டுக்கொண்டு வந்தவள் ஏழாவதில் நின்றுவிட்டேன். செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் கவனம் செலுத்தச் சிரமமாக இருக்கிறதா?

என் சோம்பேறித்தனம், என் வயசு, என் போன் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நோயின் அடையாளமாக அந்தத் தாளில் அச்சாகியிருந்தது. படிக்க முடியாமல் போனவள் நான் மட்டும் இல்லை. ஒரு கேள்வியாகவே எழுதி வைக்கும் அளவுக்கு அத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது. பேனாவைப் பிடித்தபடி அங்கேயே அழுதேன். ஏழெட்டு மாதத்தில் முதல் அழுகை. எனக்கு 17 வந்தது.

மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், முதல் சில நாள் குமட்டும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். சொன்னபடியே குமட்டியது.

அந்த நாட்களில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் புத்தகம் கொண்டுவந்தார்கள். பழம் வாங்கி வருவதுபோல. நான் படிக்கிறவள் என்று தெரியும் இல்லையா? தன்னம்பிக்கை நூல்கள் மட்டும் ஐந்து சேர்ந்தன. "இதைப் படி, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் அன்பில் குறையே இல்லை. ஆனால் இதைப் படிக்கும் யாராவது அப்படி ஒருவரைப் பார்க்கப் போவதாக இருந்தால் கேட்டுக்கொள்கிறேன், புத்தகம் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் நாக்கு கசந்து கிடப்பவருக்குப் பிரியாணி வாங்கிப் போக மாட்டோம். அந்த ஐந்து அட்டைகளும் மேசைமேல் இருந்து தினமும் என்னைப் பார்த்தன. என்னால் இது கூட முடியவில்லை என்பதற்கு ஐந்து சாட்சிகள். என் கணவர்தான் அவற்றை எடுத்துப் பரணில் போட்டார். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து விடாமல் போன நான் அந்த வருஷம் போகவில்லை. போகவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

ஆலோசகர் அம்மா ஒருவரிடம் வாரம் ஒருமுறை போனேன். மனசு வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், இந்த நோயில் மனசு தானாக முன்னால் வராது, செய்தால் பின்னாலேயே மெல்ல வரும் என்பார். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். எத்தனை மணிக்கு என்ன செய்தேன், அதில் எவ்வளவு சந்தோஷம், பத்துக்கு எவ்வளவு. என் முதல் வார நோட்டு இப்போதும் இருக்கிறது. காபி - 1. குளியல் - 0. மகளுக்குத் தலை பின்னியது - 2. செடிக்குத் தண்ணீர் - 1. "ஒண்ணுன்னா ஒண்ணு. பூஜ்யம் இல்லையே" என்றார் அவர். நோட்டில் தினமும் இருபது நிமிஷ நடையும் இருந்தது. பட்டினப்பாக்கம் கடற்கரை வரை போய் வருவோம். கணவர் ஒரு பக்கம், ஆறாவது படிக்கும் மகள் ஒரு பக்கம். தப்பித்து ஓடிவிடுவேன் என்பதுபோல இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கடல் - 1 என்று எழுதியிருக்கிறேன். கடலுக்கு ஒன்று.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் கேட்டாள் என்று மூன்று பொட்டலம் சுண்டல் வாங்கினோம். தேங்காய், மாங்காய், பட்டாணி. மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு ருசி பெரிதாகத் தெரியவில்லை. கடைசிப் பட்டாணியை எடுக்கும்போது கூம்பின் உள்ளே நீல மையில் எழுத்து தெரிந்தது. பிரித்தேன். கோடு போட்ட பரீட்சைத் தாள், பாதியாகக் கிழித்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தேர்வு.

'நான் ஒரு குடை பேசுகிறேன். நான் கருப்பு நிறம். என்னை அப்பா ஜாம்பஜார் மார்க்கெட்டில் வாங்கினார். மழை வந்தால்தான் இவர்களுக்கு என் ஞாபகம் வரும். மற்ற நாளில் கதவுக்குப் பின்னால் தொங்குவேன். அங்கே எனக்கு ஒரு பல்லி நண்பன். ஒரு நாள் பாட்டி என்னை 21ஜி பஸ்ஸில் மறந்து'

அங்கே கிழிந்திருந்தது.

எனக்கு உள்ளே ஏதோ ஒன்று முன்னால் சாய்ந்தது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மறந்துட்டு? அப்புறம்? பஸ் எங்கே போச்சு? பல்லிக்குத் தெரியுமா? தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வேறு கேள்விக்கான பதில், பிரித்து எழுதுக. மகளின் பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "ம்மா, இன்னும் சாப்பிடலம்மா!" அதில் வேறு தாள். கணவரின் பொட்டலத்தில் வெறும் கூட்டல் கழித்தல். எழுந்து சுண்டல்காரத் தம்பியிடம் நடந்தேன். மணலில் செருப்பை விட்டுவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

"இன்னாக்கா, கல்லு கில்லு இருந்துச்சா?"

"இல்லப்பா. இதோட மிச்சப் பாதி இருக்கா பாரேன்."

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உங்க பொண்ணு பேப்பராக்கா?"

"இல்ல. கதை பாதில நிக்குது."

அவனுக்கு என்ன புரிந்ததோ, தூக்குக்கு அடியில் வைத்திருந்த கட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். "பாத்துக்கோக்கா. காத்துல உட்றாத." நான் அங்கேயே மணலில் குந்திக்கொண்டேன். முழங்காலுக்கு அடியில் கட்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தப் பாட்டியும் அந்த 21ஜி-யும் கிடைக்கவே இல்லை. ஆனால் ஒரே வகுப்பின் தாள்கள் போலிருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அதே கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார்கள். ஒரு குடை கல்யாண மண்டபத்தில் மாறிப்போய் வேறு வீட்டுக்குப் போயிருந்தது. ஒன்றுக்கு இடி என்றால் பயம். பக்கத்துப் பையனின் குடைக்கும் இடி என்றால் பயம், அதே எழுத்துப் பிழையோடு. அடுத்ததுக்குச் சாயம் போன வருத்தம். ஒரு குடை மெரினாவில் காற்றில் பறந்து கடலுக்குப் போய்விட்டது, அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார். கடைசி ஒன்று இரண்டே வரி: 'நான் குடை. எங்கள் வீட்டில் நான் இல்லை.' அதற்கு ஒரு மதிப்பெண். அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு வெகு நேரம் அந்தத் தாளை வைத்திருந்தேன்.

என்னுடையதோடு சேர்த்து ஏழு குடைகள். காசு கொடுத்தால் தம்பி வாங்கவில்லை. இன்னும் இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது மகள், "உன் குடையை அந்த பஸ் கண்டக்டர் எடுத்து வச்சிருப்பாரும்மா" என்றாள். வீடு வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கதையை வளர்த்துக்கொண்டு வந்தோம். கணவர் பின்னால் வந்தார். அவர் அன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். குடை - 6 என்று எழுதியிருந்தேன். அந்த ஆறின் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு சின்ன டிக் இருந்தது.

அந்த ஏழு தாள் என்னைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதமாக மாத்திரை உள்ளே வேலை செய்திருக்கிறது. ஆலோசகரின் நோட்டும், இருபது நிமிஷ நடையும், கையை விடாத இரண்டு பேரும் வேலை செய்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டபிறகு ஒரு நாள் திடீரென்று ரசம் வாசனைக்கு வயிறு கூப்பிடுமே, அப்படித்தான் இது. பசி மருந்து இல்லை. உடம்பு திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பசி வந்தபிறகும் ஒரேயடியாகச் சாப்பிட முடியாது. கஞ்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கஞ்சி குடித்தது கோட்டூர்புரத்தில். மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், இறங்கி நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக அண்ணாந்து பார்த்தவள் நான். இப்போது மகளைச் சாக்காக வைத்துக்கொண்டு முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவுக்குப் போனேன். சனிக்கிழமை தோறும். பெரிய எழுத்து, பக்கத்துக்கு நாலு வரி, யானை, அணில். ஒரு பக்கம் முடிந்தால் முடிந்ததுதான், முந்தின வரி அழிவதற்குள் படம் வந்து தாங்கிக்கொள்ளும். என்னைப்போல வளர்ந்தவள் அங்கே உட்கார்ந்து அணில் கதை படிப்பதை யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. மே மாதம் குறுந்தொகைக்குப் போனேன். நாலடியிலிருந்து எட்டடிக்குள் ஒரு முழு வாழ்க்கை நடந்துவிடுகிறது, எட்டு அடி எனக்குத் தாங்கியது. உரையோடு ஒரு நாளைக்கு ஒரு பாட்டு.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. குழந்தைகள் பிரிவிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் அந்த விதி ஞாபகம் வரும். கூடவே அப்பாவின் பேப்பர் கட்டும்.

ஜூலையில் ஒரு தப்புச் செய்தேன். நன்றாகத் தூங்குகிறேன், சிரிக்கிறேன், இனி எதற்கு என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாளே தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல். பழைய விடிகாலை மூன்றரை திரும்ப வந்தது. மகளும் அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப மனசில்லை. 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். எடுத்த பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. காலையில் டாக்டருக்கு போன் செய்யச் சொன்னார். டாக்டர், தேறியபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதானாலும் நான் படிப்படியாகக் குறைக்கிறேன், நீங்களாகச் செய்யாதீர்கள் என்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன், கோபப்படவில்லை. அந்த எண்ணை என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா வீட்டிலும் ஒன்று ஒட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக அவரே திரும்ப எழுதி ஒட்டியிருந்தார்.

கெட்ட வாரங்கள் இப்போதும் வருகின்றன. அப்போது அணிலுக்குத் திரும்புவேன்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த ஐந்து தன்னம்பிக்கை நூல்களுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே நனைந்த புத்தகங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னவற்றில் ஒன்றைக்கூட அவர் போடவில்லை. பென்சில் கோடு போட்ட என் கல்லூரிப் புத்தகம் ஒன்றரை மடங்கு உப்பி, அப்பளம்போல அலையலையாக இருந்தது. மெல்லத் திறந்தேன். அன்று அவர் நுழைத்த செய்தித்தாள் துண்டுகள் அப்படியே உள்ளே இருந்தன, சிலது பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு. முதல் துண்டு வரி விளம்பரப் பக்கம். மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு, தண்ணீர் வசதி உண்டு, சைவம் மட்டும். கீழே, பழைய ஹார்மோனியம் விற்பனைக்கு. யார் வீட்டு ஹார்மோனியம்? யார் வாசித்தது? ஏன் விற்கிறார்கள்?

அவர் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "புக்கு கெடச்சுதா? படிக்கிறியா?"

"இருங்க" என்றேன். "இது முடியட்டும்."

காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரும் ஏணிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்.